சம்பந்தி வீட்டுக் கொலைகாரர்

கொலைகாரக் குடும்பம் எண்டு உனக்கு ஆர் சொன்னது? மரியரஞ்சனியே? எனக்குத் தெரியும். உன்ரை தங்கச்சி மலர் போனிலை அவவுக்கு ரகசியம் எண்டு சொல்லித்தான் சொன்னவ. ரகசியம் எண்டு சொன்னபடியால் மரியரஞ்சனி ஒருத்தரையும் விடாமல் சொல்லியிருக்கிறா. ஸ்டோவ்னரிலை உன்ரை ஏழாம் மாடிக்கே வந்திட்டுதெண்டா இனி மேலை வானம்தான் மிச்சம். சரி, பொய்யில்லை மச்சான். மாப்பிள்ளையின்ரை பூட்டன் அமெரிக்காவிலை சம்பளத்துக்கு ஆள் சுட்டவர்தான். அதுக்காக, அரைக்கதையைக் கேட்டுப்போட்டு, நான் தேங்காய் உடைக்க வரமாட்டன், வேறை ஆளைப் பாருங்கோ எண்டு போனை வைக்கிறதே? முழுக்கதையையும் கேள். கேட்ட பிறகும் வரமாட்டாய் எண்டா நான் பேசாமல் கீழை இறங்கி, ட்ரெயின் பிடிச்சு ஹவுகெட்டோவுக்கு வீட்டை போறன்.

எங்கை எழும்புறாய்? தேத்தண்ணியே? சரி, போடு. குசினியிலை நிண்டாலும் கேக்கும்தானே, உன்ரை வீடென்ன அரண்மனையே. சீனி ஒண்டரைக் கரண்டி. மலருக்குச் சொல்லிப்போடாதை.

கலியாணக் கார்ட்டைத் தபாலிலை போட்டிருக்கலாம் எண்டு நீ நினைப்பாய். மற்ற ஆக்களுக்குத் தபால்தான். தாய்மாமனுக்கு நேரை போய் வெத்திலை பாக்கு வைச்சுச் சொல்லோணும் எண்டு மலர் நிக்கிறா. ஒஸ்லோ குறூன்லாண்டிலை தமிழ்க்கடை ஒவ்வொண்டா ஏறி வாங்கின வெத்திலை, பாத்தியே, கொண்டுவாற வழியிலை ஒரு பக்கம் வாடிப்போச்சு. பரவாயில்லை, நீயும் நானும் இளமையாவே இருக்கிறம்.

நான் உன்னிலை கோவிக்க வரேல்லை மச்சான். ஆனா என்ரை மகள் ராகவியின்ரை சாமத்தியவீட்டுக்கும் நீ வரேல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையிலை ஆள் காணாது, லீவு இல்லையெண்டாய். உனக்குப் பதிலாக் குலசேகரத்தார்தான் தேங்காய் உடைச்சவர். மனிசனுக்குக் கை நடுங்கி, அது மூண்டு துண்டாப் பறந்து, ஒரு துண்டு வீடியோக்காரன்ரை முழங்காலிலை பட்டு, வீடியோவிலை கொஞ்ச நேரம் கூரை மட்டும்தான் தெரியுது. ராகவி இண்டைக்கும் அதைப் போட்டுப் பாத்துச் சிரிப்பாள். சிரிச்சு முடிய, மாமா ஏன் அப்பா வரேல்லை எண்டு கேப்பாள். இந்த முறை அவள் சொல்லிப்போட்டாள். மாமா உடைக்கிறதெண்டா தேங்காய், இல்லையெண்டா தேங்காயே வேண்டாம், தாலியைக் கட்டிப்போட்டுப் போவம் எண்டு. ஐயருக்கு நெஞ்சு நோ வந்திடும். உனக்கு அவளைத் தெரியும்தானே, சொன்னாச் செய்வாள்.

நன்றி. சூடாக் கிடக்கு, வை. இப்பிடி முன்னாலை இரு, பக்கத்திலை இருந்து ரீவியைப் பாக்காதை. அது நிப்பாட்டித்தான் கிடக்கு, அதிலை என்ன பாக்கிறாய்?

பெடியன்ரை பேர் எய்விந்த். மலரின்ரை வாயிலை அது நுழையேல்லை, அரவிந்தன் எண்டு கூப்பிடுறா, அவனும் ஓம் எண்டு திரும்பிப் பாக்கிறான். ட்ராம் ஓடுறவன். மருந்தகத்துக்குப் படிச்ச பிள்ளைக்கு ட்ராம் றைவரோ எண்டு மலர் முதல் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சவ. பிறகு ஒருநாள் அவ கடையாலை ரெண்டு பையோடை வர, இவன் ட்ராமிலை இருந்து கண்டுட்டு, நடு றோட்டிலை டிங் டிங் எண்டு மணியடிச்சுக் கையைக் காட்டியிருக்கிறான். ட்ராம் முழுக்க இவவைத் திரும்பிப் பாத்ததாம். அண்டோடை தூக்கி வைச்ச முகம் இறங்கிப்போச்சு. நல்ல பெடியன் மச்சான். நீ ஒருக்கா அவனோடை கதைச்சாய் எண்டா விடமாட்டாய்.

ஆனா விசாரிக்காமல் குடுக்கேலாது எண்டு மலர். வெள்ளைக்காரன் எண்டாப்போலை விசாரிக்கிறதில்லையோ? ஊரிலை எண்டா என்ன செய்வம்? சந்திக் கடையிலை ஒரு சோடா குடிச்சு மெல்லக் கேப்பம், வாசிகசாலையிலை பேப்பர் பாக்கிற மாதிரி இருந்து கேப்பம். பெடியன்ரை தாயின்ரை ஊர் தெற்குக் கரையிலை, கிறிஸ்தியான்சாண்டுக்கும் அங்காலை, கடலோடை ஒட்டின சின்ன இடம். தேப்பனும் தாயும் இஞ்சை ஒஸ்லோவிலைதான், ஆனா இஞ்சை ஆருக்கு ஆரைத் தெரியும்? வேர் இருக்கிற இடத்திலை போய்க் கேக்கோணும் எண்டு சொல்லிப்போட்டா. பிள்ளைக்குப் பேர்கனுக்குப் போறம் எண்டு பொய் சொல்லி, ரெண்டு பேருமாக் காரை எடுத்துக்கொண்டு போனனாங்கள்.

சிரிக்கிறாய். சிரி. இனித்தான் இருக்கு.

அங்கை ஒரேயொரு கடை. மலர் ஒரு கிலோ வெங்காயம் எடுத்தா. வெங்காயம் வாங்கினாத்தான் கதை வாங்கலாம் எண்டது அவவின்ரை நினைப்பு. காசு எடுக்கிற இடத்திலை ஒரு சின்னப் பெட்டை. நான் நொஸ்க் பாசையிலை மெல்லக் கேட்டன், மேலை வெள்ளை வீட்டுக் குடும்பத்தைத் தெரியுமோ எண்டு. தெரியும் எண்டாள். நல்ல ஆக்களோ எண்டன். பெட்டை என்னைப் பாத்தாள், மலரைப் பாத்தாள், வெங்காயத்தைப் பாத்தாள். ஒரு நிமிசம் எண்டுபோட்டு, போனை எடுத்து எங்களுக்கு முன்னாலையே அடிக்கிறாள் மச்சான். ரக்னில்ட், இஞ்சை ரெண்டு பேர் வந்து நிண்டு நீங்கள் நல்ல ஆக்களோ எண்டு கேக்கினம், என்ன சொல்ல?

எனக்கு அந்த இடத்திலை நிலம் பிளந்தாலும் காணும் எண்டு இருந்தது. மலர் என்னவாம், என்னவாம் எண்டு என்ரை கோட்டுக்கையைப் பிடிச்சு இழுக்கிறா. ஓடுவமோ எண்டு நான் யோசிக்கிறதுக்குள்ளை, ஒரு சின்ன வான் வந்து வாசல்லை நிக்குது. ஒரு மனிசி இறங்கினா. எழுபத்தைஞ்சு வயசிருக்கும், றப்பர் சப்பாத்து, மேல்ச் சொண்டுக்குள்ளை பொயிலை. எய்விந்தின்ரை தாயின்ரை தாய். வந்து கையைத் தந்தா. நான் ரக்னில்ட். நீங்கள் ராகவியின்ரை அப்பா அம்மாவாத்தான் இருக்கோணும். நேரை என்னட்டையே கேளுங்கோ, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இப்பதான் வேலைக்கு வந்தவள் எண்டா.

வெங்காயத்துக்குக் காசு குடுக்க மறந்துபோனம். பிறகு வரேக்கை குடுத்தது.

வீட்டை கூட்டிக்கொண்டுபோய் இருத்தி, கோப்பி, வாஃபிள், பழுப்புச் சீஸ். அந்தச் சீஸை மலர் சவுக்காரம் எண்டு நினைச்சு ஒதுக்கி வைச்சிட்டா. மனிசி எதிரை இருந்து கையைக் கட்டிக்கொண்டு, ம், கேளுங்கோ எண்டுது. நான் சோதனைக்குப் போன பெடியன் மாதிரி முழிக்கிறன். மலர் தமிழிலை ஒவ்வொண்டா எடுத்துத் தாறா, நான் நொஸ்கிலை மாத்திக் குடுக்கிறன். குடும்பத்திலை ஆருக்கும் விசர் இருக்கோ? ஒரு சித்தப்பனுக்குக் கொஞ்சம், ஆனா அவர் அரசியலிலை இருந்தவர் எண்டா. சலரோகம், சீனி வருத்தம்? இருக்கு. குடி? ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒண்டையும் ஒளிக்கேல்லை மச்சான், எங்கடை ஆக்கள் எண்டா சலரோகத்தையே மூண்டு தலைமுறைக்கு மறைப்பினம்.

பிறகு மலர் அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னா. உனக்கு விளங்கும் எந்தக் கேள்வி எண்டு. நேரை கேக்கேலாததை நாங்கள் சுத்திக் கேப்பமே. முந்தி உங்கடை ஆக்கள் என்ன தொழில், உங்கடை அப்பா என்ன செய்தவர்? வெள்ளைக்காரரிட்டைப் போய் இதைக் கேக்கிற ஒரே சனம் நாங்களாத்தான் இருக்கும். நான் வேண்டாமப்பா எண்டன். கேளுங்கோ எண்டா. கேட்டன்.

ரக்னில்ட் சொன்னா, அப்பா தச்சு வேலை. பிறகு கொஞ்சக் காலம் சிக்காகோவிலை ஆள் சுடுறது. பிறகு திரும்பவும் தச்சு வேலை.

நான் அதைத் தமிழிலை சொல்ல வாய் எடுக்கமுதலே மலருக்கு அந்த முதல் சொல்லு விளங்கிப்போச்சு. என்னட்டைக் குனிஞ்சு, தச்சு வேலையாமே அப்பா எண்டு கவலையாக் கேக்கிறா. நான் சொன்னன், பொறு, மிச்சத்தையும் கேள் எண்டு.

ஓம், சத்தியமா. அம்மாவாணைச் சொல்லுறன். நீ வாய்விட்டுச் சிரிச்சு நான் எத்தினை வருசத்துக்குப் பிறகு காணுறன். நல்லாத்தான் இருக்கு.

அவரின்ரை பேர் ஓலுஃப். உனக்குத் தெரியுமோ தெரியாது, இந்த நாட்டிலையும் ஒரு காலத்திலை சாராயத்தை மறிச்சு வைச்சவங்கள். அப்ப இவர் பெடியன். ஜேர்மனியிலை இருந்து தகரப் பேணியிலை ஸ்பிரிட் வரும். சின்ன வள்ளங்களிலை போய், கரைக்குக் கிட்ட வாங்கிக்கொண்டு வந்து, மீன் பீப்பாவுக்குள்ளை தாட்டு வைச்சு ஊருக்குள்ளை ஏத்துறது. எங்கடை வடமராட்சிக் கரையிலை நடந்ததுதான், அவையின்ரை கடல் குளிர், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கை போய் இறங்கினா அங்கையும் சாராயத்துக்குத் தடை. எங்கை போனாலும் மனிசனுக்கு முன்னாலை ஆரோ போத்திலை மூடிக்கொண்டு போயிருக்கிறாங்கள்.

சிக்காகோவிலை நொஸ்க் ஆக்கள் இருக்கிற பகுதி ஒண்டு இருந்ததாம், எங்கடை ஆக்கள் ரொறொன்ரோவிலை இருக்கிற மாதிரி. சேர்ச், சங்கம், சங்கத்துக்குள்ளை ரெண்டு பிரிவு, எல்லாம் சரியா இருந்திருக்கு. ஓலுஃப் அங்கை கதவு செய்தவர். கள்ளமாக் குடிக்கிற இடங்களுக்கு விசேசமாக் கதவு வேணும். தடிச்ச பலகை, உள்ளை இரும்பு, கண் வைச்சுப் பாக்க ஒரு துளை. அதிலை மனிசன் கெட்டிக்காரன். ஒரு சாராய முதலாளி கூப்பிட்டு எல்லா இடத்துக்கும் கதவு போடுவிச்சான். அவன்ரை பேர் ரக்னில்டுக்கும் தெரியாது, மிஸ்டர் எண்டுதான் தேப்பன் சொல்லுவாராம். பிறகு முதலாளி யோசிச்சிருக்கிறான். ஊரிலை உள்ள கதவெல்லாம் திறக்கிறது ஆருக்கு? கதவு செய்தவனுக்கு.

விளங்குதே? எதிராளியின்ரை இடத்துக்கும் இவர்தான் கதவு போட்டது. போய்த் தட்டுவார். உள்ளை நிக்கிறவன் துளையாலை பாப்பான். வெளியிலை ஓலுஃப் நிக்கிறார், கையிலை தச்சுப்பெட்டி. கதவின்ரை பிணைச்சல் இறங்கியிருக்கும், பாத்திட்டுப் போறன் எண்டுவார். திறப்பாங்கள். பெட்டிக்குள்ளை உளிக்குக் கீழை மற்றச் சாமான்.

எத்தினை பேர் எண்டு அவருக்கும் சரியாத் தெரியாதாம். தெரியும், சொல்லேல்லை எண்டு ரக்னில்ட் சொல்லுறா.

ஆனா மச்சான், ஆளைப் பாத்தா அப்பிடியில்லை. படம் சுவரிலை கொழுவிக் கிடக்கு. மெல்லிய மனிசன், பெரிய காது, தொப்பி. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை பாட்டு. அடித்தொண்டைக்காரர் ரெண்டு பேர்தான் இருந்தபடியால் இவர் இல்லாட்டிப் பாட்டே நடக்காதாம். ஒருக்கா முதலாளி ஞாயிறு காலமை ஒரு அலுவல் இருக்கெண்டு ஆளனுப்ப, ஏலாது, பாட்டு இருக்கெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாராம். அந்தத் திங்கள் வரைக்கும் உயிரோடை இருந்தவன் ஒருத்தன், அதாலை அவனுக்கு ஒரு ஞாயிறு மேலதிகமாக் கிடைச்சுது. ரக்னில்ட் இதைச் சொல்லிச் சிரிக்கிறா. சிரிச்சிட்டு, சிரிக்கக் கூடாதுதான் எண்டுறா. ஊர் வரலாற்றுச் சங்கத்திலை இதை ஒரு மாலை நிகழ்ச்சியாவே வைச்சவையாம், படம் காட்டி, வாஃபிளும் குடுத்து. எங்கடை ஆக்கள் வைப்பினமே? எங்கடை சங்கத்திலை எல்லாருக்கும் பேரன்மார் உடையாரும் விதானையும்தான்.

கடைசி ஆள் நொஸ்க்காரன். பியர் லொறி ஓடினவன். மே பதினேழு, அவையின்ரை தேசிய நாள் ஊர்வலத்திலை பெரிய குழல் ஊதுறவன், இவர் கொடி பிடிக்க அவன் பின்னாலை ஊதிக்கொண்டு வருவானாம். லொறியிலை இருந்து நாலு பீப்பாவை வேறை இடத்திலை இறக்கிப்போட்டான், அதுதான் குற்றம். அவன்ரை வீட்டு மரப்படி இவர் செய்து குடுத்தது. போய்த் தட்டினார். அவனே வந்து திறந்தான். துளையாலை கூடப் பாக்கேல்லை. வா ஓலுஃப், கோப்பி கொதிக்குது எண்டானாம்.

இல்லை, விடேல்லை. சுட்டவர். கோப்பியைக் குடிச்சிட்டுச் சுட்டவர்.

சுட்டுப்போட்டு, தான் செய்த படியாலையே இறங்கி, தச்சுப்பெட்டியை அங்கையே விட்டிட்டு, முதலாளியிட்டைத் திரும்பிப் போகாமல் துறைமுகத்துக்குப் போட்டார். கொஞ்சக் காலத்திலை சட்டமும் மாறி, முதலாளியும் ஆராலையோ முடிஞ்சு, இவரைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. ஊருக்கு வந்து இறங்கேக்கை ஒரு தங்கப்பல்லு, ஒரு பாட்டுப்பெட்டி. கலியாணம் கட்டினார், ரக்னில்ட் பிறந்தா. திரும்பவும் கதவு செய்யத் துவங்கினார். அந்த ஊரிலை பாதிக் கதவு அவர் செய்தது, போகேக்கை எனக்குக் காட்டினவ. வந்து மூண்டாம் மாசமே பாதிரியாரிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டாராம். பாதிரியார் தன்ரை மனிசியிட்டை மட்டும் சொன்னவராம். அங்கையும் ஒரு மரியரஞ்சனி இருந்திருக்கிறா.

என்ன, கதிரையை இழுக்கிறாய்? வேலை பின்னேரம்தானே. இரு மச்சான், இன்னும் கொஞ்சம்தான். சிகரெட் எண்டா பல்கனிக் கதவைத் திறந்து வைச்சுப் பத்து, நான் இஞ்சை இருந்து கதைக்கிறன். குளிர் வரட்டும், காரியமில்லை. கீழை பனி உருகி வாகனம் நிப்பாட்டுற இடமெல்லாம் குளமாக் கிடக்கு, வரேக்கை கால் நனைஞ்சுபோச்சு.

ஊருக்கு வந்த பிறகு அவரிட்டை ஒரு பழக்கம் இருந்ததாம். ஒருத்தற்றை கதவையும் தட்டமாட்டார். உலகமெல்லாம் கதவு செய்து குடுத்த மனிசன், ஒரு கதவைக் கையாலை தட்டமாட்டார். ஒரு வீட்டுக்குப் போனா வெளி முத்தத்திலை போய் நிப்பார். ஆரும் யன்னலாலை காணுமட்டும் நிப்பார். மழை, பனி, என்னெண்டாலும். ஊர்ச்சனத்துக்குப் பழகிப்போச்சு. யன்னலாலை பாத்து, ஓலுஃப் வந்து நிக்கிறார், கதவைத் திற பிள்ளை எண்டுவினமாம். அதையும் ரக்னில்ட் நடிச்சுக் காட்டினவ, குனிஞ்சு, தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு. மலர் விழுந்து விழுந்து சிரிச்சவ.

அதுக்குப் பிறகு மனிசி சொன்ன கதைக்குத்தான் நாங்கள் சிரிக்கேல்லை.

ரக்னில்டுக்குக் கலியாணம். சேர்ச்சுக்குத் தேப்பன்தான் கையைப் பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு போகோணும், அது அவையின்ரை முறை, எங்களுக்குத் தேங்காய் மாதிரி. வீட்டிலை இருந்து சேர்ச் முத்தம் மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். புதுக் கோட்டு. வாசல்லை வந்ததும் கையை விட்டார். நான் இஞ்சை நிக்கிறன் எண்டார். பிள்ளை அப்பா எண்டு கூப்பிட்டிருக்கு. நீ போ, நான் இஞ்சை நிக்கிறன். உள்ளை வாத்தியம் துவங்கிட்டுது, எல்லாரும் எழும்பித் திரும்பிப் பாக்கினம், என்ன செய்யிறது? தாயின்ரை தம்பி ஓடி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனாராம். அவர் குள்ளமாம், கலியாணப் படத்திலை அவவின்ரை தோளுக்குக் கீழை நிக்கிறார். எல்லாம் முடிஞ்சு வெளியிலை வர, தேப்பன் அதே இடத்திலை, தொப்பியாலை தண்ணி வடிய நிக்கிறார். பிறகு ரெண்டு பிள்ளையளின்ரை ஞானஸ்நானம். அதுக்கும் முத்தத்திலைதான். சாகுமட்டும் அப்பிடித்தான்.

அவர் அதை நல்லது எண்டு நினைச்சுத்தான் செய்திருக்கிறார், மச்சான். எங்கடை பாசையிலை சொன்னா, தான் துடக்கு எண்டு நினைச்சிருக்கிறார். தான் உள்ளை போனா பிள்ளைக்கு என்னவும் ஒட்டிப்போடும் எண்டு.

ரக்னில்ட் என்ன சொன்னவ தெரியுமோ? சிக்காகோவிலை அவர் செய்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. செத்தவையின்ரை பெண்சாதி பிள்ளையள்தான் சொல்லோணும், அவைக்குப் பதிலா மன்னிக்க எனக்கு உரித்தில்லை. ஆனா என்ரை கலியாணத்திலை என்ரை கையை விட்டவர். அது எனக்குச் செய்தது. அதை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. எண்டு சொல்லிப்போட்டு, பொயிலையை எடுத்து எறிஞ்சிட்டுப் புதுசு வைச்சா.

நீ அங்கை நிண்டு கேக்கிறாய்தானே? சரி. திரும்ப வேண்டாம். அப்பிடியே நில்.

பிறகு மனிசி எங்களைப் பாத்து, இனி என்ரை முறை எண்டா. நாங்கள் கேட்டதெல்லாத்துக்கும் மறுமொழி சொல்லிப்போட்டா, அவ கேக்கிறது நியாயம்தானே. உங்கடை பக்கம் ஆர் ஆக்கள், சொல்லுங்கோ. நான் ஆயத்தமாத்தான் போனனான். எங்கடை அப்பா ஸ்ரேசன் மாஸ்ரர், பெரியப்பா தலைமை வாத்தியார், மலரின்ரை பக்கம் கமம், கிணறு, பனங்காணி எண்டு அடுக்கினன். ஊரிலை கலியாணம் பேசேக்கை சொல்லுற அதே பாட்டு. மனிசி கேட்டுக்கொண்டே இருந்தா. முடிய, எல்லாரும் நல்ல ஆக்களே எண்டா. ஓம் எண்டன். ஒருத்தர் கூட இல்லையே எண்டா, ஒரு பாவத்தைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்து.

அப்பதான் மலர் வாயைத் திறந்தா. அதுவரைக்கும் அவ நொஸ்கிலை ஒரு சொல்லும் கதைக்கேல்லை, எல்லாம் நான்தான் மாத்திக் குடுத்தது. கோப்பிக் கோப்பையைக் கீழை வைச்சிட்டு, நேரை அந்த மனிசியைப் பாத்து, மின் ப்ரூர் எண்டா. என்ரை அண்ணா.

அவதான் சொன்னவ, நான் இல்லை. இவ்வளவு வருசமா நானும் அவவும் எங்களுக்குள்ளை கூட அதைக் கதைச்சதில்லை. எங்களுக்குத் தெரியும் எண்டு உனக்கும் தெரியும், உனக்குத் தெரியும் எண்டு எங்களுக்கும் தெரியும், அதோடை தைப்பொங்கலுக்குப் பொங்கல் குடுத்தனுப்பி இருந்தனாங்கள். அவ தன்ரை உடைஞ்ச நொஸ்கிலை சொன்னா. அண்ணா இயக்கத்திலை இருந்தவர். ஒரு ஆளைச் சுட்டவர். செத்தது கோப்பறேசன் கடை மனேச்சர். எங்களுக்கு மண்ணெண்ணெய் அளந்து தந்த மனிசன். அளந்தது எண்டதுக்கு அவவுக்கு நொஸ்க் தெரியேல்லை, கையாலை காட்டினவ. அந்த மனிசன் காட்டிக்குடுத்தவர் எண்டு சொன்னவை, பிறகு இல்லையெண்டு தெரிஞ்சுது, எண்டா. அழேல்லை. அவ்வளவும் சொல்லிப்போட்டு அந்தச் சீஸ் துண்டை எடுத்துச் சாப்பிட்டா.

நீ சொல்லுவாய், ஓலுஃப் சம்பளத்துக்குச் செய்தது, நான் அப்பிடியில்லை எண்டு. இருக்கலாம் மச்சான். நான் அதைக் கதைக்க இஞ்சை வரேல்லை. இப்ப ஊரிலை திரும்பவும் சண்டை துவங்கிட்டுது, ரேடியோவிலை எல்லாரும் கதைக்கினம், அதை அவை கதைக்கட்டும். எய்விந்துக்குத் தெரியும். ராகவிக்கும் தெரியும், அவளுக்கு மலர் வந்து தானே சொன்னவ. ஒருத்தரும் பயந்து ஓடேல்லை. தேங்காய்க் கதையை ராகவி சொன்னது அதுக்குப் பிறகு.

ரக்னில்ட் என்ன கேட்டவ எண்டு கேக்கமாட்டியே?

எத்தினை பேர் எண்டு கேக்கேல்லை. ஏன் எண்டு கேக்கேல்லை. மேசையிலை சிந்தின தூளைக் கையாலை கூட்டிக்கொண்டு இருந்திட்டு, ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. அவர் கலியாணத்துக்கு உள்ளை வருவாரோ?

மலர் என்னைப் பாத்தா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

இப்ப சொல்லு மச்சான், திரும்பிப் போகேக்கை நான் குறூன்லாண்டுக் கடையளாலைதான் போறன். வேட்டி உனக்கு நாலு முழமோ, எட்டு முழமோ?